தோல்வியின் விலை யார் தலையில்?

திருவிழாக் கடைகளில் வளையம் எறியும் விளையாட்டை எல்லோரும் பார்த்திருப்போம். 1960-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் அட்கின்சனும் ஜார்ஜ் லிட்வினும் கல்லூரி மாணவர்களிடம் இதே விளையாட்டைக் கொடுத்து, எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை அவரவர் விருப்பத்துக்கே விட்டார்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. சாதிக்கும் முனைப்பு அதிகமாகவும் தேர்வு பயம் குறைவாகவும் இருந்த மாணவர்கள் பெரும்பாலும் நடுத்தரத் தூரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து எறிந்தால் வளையம் விழவும் செய்யும், தவறவும் செய்யும். பயம் மேலோங்கியவர்கள் அந்த இடத்தை அவ்வளவாக நாடவில்லை. மிக அருகில் நின்றால் தவறாது. எட்டாத தொலைவில் நின்றால் தவறினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டு இடத்திலும் தன் திறமை உண்மையில் எவ்வளவு என்ற கேள்வியே எழாது.

1978-இல் ஸ்டீவன் பெர்கிளாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் இருவரும் செய்த சோதனை இதைவிட வேதனையானது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்து, கடைசியில் பிரமாதமாகச் செய்துவிட்டதாகப் பாராட்டினார்கள். எப்படி வந்தது என்று தனக்கே தெரியாத வெற்றி அது. அடுத்த சுற்றுக்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒன்று மூளையைச் சுறுசுறுப்பாக்கும், மற்றது மந்தமாக்கும். காரணம் புரியாமல் பாராட்டுப் பெற்ற ஆண் மாணவர்களில் பெரும்பாலோர் மந்தமாக்கும் மருந்தைத்தான் கேட்டார்கள். அடுத்த முறை தோற்றால் பழியைப் போட ஓர் இடம் வேண்டுமே! பரீட்சைக்கு முந்தின இரவு சினிமாவுக்குப் போய்விட்டு வந்து, மறுநாள் காலை வகுப்பு வாசலில் நின்று ‘ஒண்ணுமே படிக்கலைடா’ என்று எல்லோருக்கும் அறிவிக்கும் பையன் விழுங்கியிருப்பதும் அதே மருந்துதான்.

தோல்வி பயத்தைப் பற்றி நம்மிடம் புழங்கும் பேச்சு ஏறக்குறைய முழுவதும் மனத்தைத் திடப்படுத்திக்கொள்வதைப் பற்றியது. புத்தகக் காட்சியில் தன்னம்பிக்கை நூல்கள் அடுக்கிய எந்த அரங்கிலும் இதைக் காணலாம். துணிந்து இறங்கு, விழுந்தால் எழு, தோல்வியே வெற்றியின் முதல் படி. இவற்றில் பொய் இல்லை. ஆனால் அறுபது, எழுபது ஆண்டு ஆய்வுகளையும், தோல்வியை உண்மையிலேயே பாடமாக மாற்றிய சில அமைப்புகளின் வரலாற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், எனக்குப் படுவது வேறு. பயத்தின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தோல்விக்கு நாம் வைத்திருக்கும் விலை. தோல்வி பாடம் சொல்ல வேண்டுமானால் என்ன நடந்தது என்பதற்கான தடயம் வேண்டும், அதை உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும், மறுபடி முயல வாய்ப்பு வேண்டும். இவற்றில் எதையும் ஒரு தனிமனிதன் மனத்திடத்தால் மட்டும் உண்டாக்கிக்கொள்ள முடியாது.

பட்டால் புத்தி வருமா?

பட்டால்தான் புத்தி வரும் என்பது நம் நம்பிக்கை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்ளர், அயலெட் ஃபிஷ்பாக் இருவரும் இதைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். ஒரு பழைய எழுத்து முறையின் இரண்டு குறிகளைக் காட்டி, இதில் விலங்கைக் குறிப்பது எது என்று கேட்பார்கள். இருப்பதே இரண்டு விடைகள். ‘சரி’ என்று சொன்னாலும் ‘தவறு’ என்று சொன்னாலும் கிடைக்கும் தகவல் ஒன்றேதான். இருந்தும் ‘தவறு’ என்று சொல்லப்பட்டவர்கள், பிறகு அதே கேள்வியை மாற்றிக் கேட்டபோது குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். அடி விழுந்ததும் மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது. இன்னொருவர் தவறு செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களோ நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். ஆக, தவறில் பாடம் இருக்கத்தான் செய்கிறது. அது நம்முடைய தவறாக இருக்கும்போது மட்டும் பார்க்கப் பிடிப்பதில்லை.

விடாமுயற்சி மட்டும் போதுமா என்பதற்கும் அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஒரு பதில் வந்தது. அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதி கேட்டு விண்ணப்பித்தவர்கள், புதுத் தொழில் தொடங்கியவர்கள் ஆகியோரின் பல ஆண்டுத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் வென்றவர்களும் தோற்றே போனவர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் முயன்றிருந்தார்கள். வென்றவர்களிடம் ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே இருந்த இடைவெளி வரவரக் குறைந்தது. முந்தைய முறை தேறியதை வைத்துக்கொண்டு தேறாததை மட்டும் மாற்றினால் வேலை சீக்கிரம் முடிகிறது. தோற்றே போனவர்கள் ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பத்து முறை தோற்றவனுக்குப் பத்து மடங்கு அனுபவம் என்று நாம் சொல்லும் ஆறுதல் தானாக உண்மையாகிவிடாது.

இரண்டு எச்சரிக்கைகள்

இஸ்ரோவின் தோல்விகளை நாம் அடிக்கடி பேசுகிறோம். பெரும்பாலும் கண்ணீரும் அணைப்புமாகவே அவை நினைவில் நிற்கின்றன. அவற்றில் என்னைக் கவர்வது அடுத்த நாள் காலையில் தொடங்கும் வேலை.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்எல்வி-3 முதல்முறை கிளம்பியது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்குகள். சுமார் ஐந்தே கால் நிமிடத்தில் வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் அடுக்கைத் திசைமாறாமல் நிறுத்தும் அமைப்பில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டதால், அதற்குத் தேவையான நைட்ரிக் அமிலம் கசிந்து வீணாகியிருந்தது. இதில் பலருக்குத் தெரிந்த பகுதி, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பைத் தன் மேல் ஏற்றுக்கொண்டதும், அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று ராக்கெட் வென்றபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாமையே பேசச் சொன்னதும். அவ்வளவாகப் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. ஏவுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே கணினி கசிவைக் காட்டி ஏவுதலை நிறுத்தியது. இருக்கும் அமிலம் போதும் என்று வல்லுநர்கள் கருத, கணினியை மீறி ஏவ முடிவெடுத்தவர் தாமே என்று கலாம் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்ல முடிந்தது அவருடைய பெருந்தன்மை மட்டுமல்ல. அந்த முடிவுக்காக அவரைத் தூக்கி எறியாத ஓர் இடத்தில் அவர் வேலை பார்த்தார் என்பதும்தான்.

இதன் அருகில் 2013 ஆகஸ்ட் 19-ஐ வைத்துப் பாருங்கள். 2010-இல் மட்டும் ஜிஎஸ்எல்வி இரண்டு முறை தோற்றிருந்தது. ஏப்ரலில், உள்நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சினுக்கு ஹைட்ரஜனைத் தள்ளித் தரும் பூஸ்டர் பம்ப் சுழலத் தொடங்கிய வேகத்தில் நின்றுபோனது. டிசம்பரில், கட்டுப்பாட்டு ஆணைகளைக் கடத்தும் இணைப்புகள் பிரிந்து, ராக்கெட்டை வானிலேயே அழிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவதும் போனால் திட்டமே கேள்விக்குறியாகிவிடும் என்ற நிலைமை. மகேந்திரகிரியில் எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகு ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட் ஏவுதளத்துக்கு வந்தது. எரிபொருள் நிரப்பியாயிற்று, நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறது. ஏவ 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் அடுக்கில் திரவ எரிபொருள் கசிவது தெரிந்தது. இந்த முறை நிறுத்தினார்கள். எரிபொருளை வடித்து, ராக்கெட்டைக் கோர்க்கும் கூடத்துக்கே திருப்பி இழுத்துச் சென்றார்கள். தொட்டி செய்த அலுமினியக் கலவையே நாளடைவில் விரிசல் விடும் தன்மை கொண்டது என்று கண்டறிந்து, வேறு கலவையில் செய்த தொட்டியோடு புதிய இரண்டாம் அடுக்கைப் பொருத்தினார்கள். 2014 ஜனவரி 5 அன்று ஜிசாட்-14 சுற்றுப்பாதைக்குப் போனது.

முதல் முறை எச்சரிக்கையை மீறினார்கள், முப்பத்து நான்கு ஆண்டு கழித்து அதன் பேச்சைக் கேட்டார்கள். இந்த நீண்ட பயணத்தின் நடுவே 1987, 1988 ஏஎஸ்எல்வி தோல்விகளும் 1993 பிஎஸ்எல்வி தோல்வியும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆய்வுக் குழு அமைந்தது, காரணம் எழுதப்பட்டது, திருத்தம் அடுத்த ராக்கெட்டில் ஏறியது. 2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2-ஐ ஏவ 56 நிமிடம் இருக்கும்போது கசிவு கண்டு நிறுத்தியபோது, பார்வையாளர் மாடத்தில் குடியரசுத் தலைவரே அமர்ந்திருந்தார். அவர் முன்னால் ‘வேண்டாம், நிறுத்துங்கள்’ என்று ஒரு பொறியாளரால் சொல்ல முடிந்ததுதான் இஸ்ரோ கற்ற பாடங்களிலேயே பெரியது என்று நினைக்கிறேன்.

அதே சந்திரயான்-2-இன் விக்ரம் கலம் செப்டம்பர் 7 அன்று நிலவில் மோதி நொறுங்கியபோது இஸ்ரோ அவ்வளவு திறந்த மனத்தோடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 98 விழுக்காடு வெற்றி என்று தலைமை அறிவித்தது. நிலவை வெற்றிகரமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஆர்பிட்டரை வைத்துப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. இருந்தாலும் நாடு கேட்டது மிச்ச இரண்டைப் பற்றி. விவரமான விளக்கம் 2023 ஜூலையில் அப்போதைய தலைவர் சோமநாத் வாயிலாக வந்தது. ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்தன. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றைத் திருத்த வேகமாகத் திரும்ப வேண்டிய நேரத்தில், திரும்பும் வேகத்துக்கு இருந்த வரம்பு தடுத்தது. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். சந்திரயான்-3-இல் இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆயிற்று. நடு எஞ்சின் நீக்கப்பட்டது, கால்கள் பலமாயின, எரிபொருள் கூடியது, வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்ந்தது. எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று முதலில் பட்டியலிட்டு, கெட்டாலும் இறங்கும்படி வடிவமைத்ததாக சோமநாத் சொன்னார். 2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருக்க, விக்ரம் இறங்கி நின்றது. இரண்டாவது வாய்ப்புக்கு அரசு செலவிட்டது ஏறத்தாழ 615 கோடி ரூபாய். துணிச்சலைப் பாராட்டும்போது இந்தத் தொகையையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆட்சியர் முன் ஒரு தாய்

ராக்கெட் விழுந்தால் பணம் போகும். உயிர் போகும் இடத்தில் தோல்வியைத் திறந்து பேச முடியுமா? தமிழ்நாட்டின் பேறுகால மரணத் தணிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. பெரிதாகப் பேசப்படாத, ஆனால் நாம் பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு அது. தொண்ணூறுகளில் தொடங்கி, கர்ப்ப காலத்திலோ பிரசவத்திலோ அதற்குப் பின் 42 நாட்களுக்குள்ளோ நேரும் ஒவ்வொரு தாயின் மரணமும் பதிவாக வேண்டும், ஒவ்வொன்றும் விசாரிக்கப்பட வேண்டும் என்ற முறை படிப்படியாக வேரூன்றியது. மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. இறந்த பெண்ணின் வீட்டுக்கே சென்று கேட்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் ஆய்வில் அவளுடைய கணவரோ தாயோ வந்து உட்கார்ந்து நடந்ததைச் சொல்ல வழி இருக்கிறது.

அங்கே கேட்கப்படும் கேள்விகளைக் கவனியுங்கள். வலி எப்போது எடுத்தது? மருத்துவமனைக்குப் போகலாம் என்று வீட்டில் யார், எத்தனை மணிக்கு முடிவு செய்தார்கள்? வண்டி எப்போது வந்தது? முதலில் போன இடத்திலிருந்து எதற்காக வேறு இடத்துக்கு அனுப்பினார்கள்? அங்கே ரத்தம் கிடைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று? முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சிகிச்சை கிடைப்பதில் என்று தாமதத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். எந்தத் தாமதம் கொன்றது என்று தெரிந்தால்தான் எதைச் சரிசெய்வது என்று தெரியும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை வைத்து இரவு பகலாகப் பிரசவம் பார்த்தது, அவசர மகப்பேறு மையங்களை மாவட்டம்தோறும் அமைத்தது, ரத்தம் கிடைக்க ஏற்பாடு செய்தது ஆகியவை இந்தக் கேள்விகளோடு சேர்ந்து வளர்ந்தவை. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2001–03 காலத்தில் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20-இல் அது 54. அதே காலத்தில் இந்தியாவின் சராசரி 301-லிருந்து 97-ஆகக் குறைந்தது. இந்த இறக்கத்துக்குத் தணிக்கை ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கே கைவைக்க வேண்டும் என்று காட்டியதில் அதன் பங்கு பெரியது.

இதிலும் ஒரு விரிசல் உண்டு. தணிக்கை என்ற பெயரில் தங்களைக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்று அரசு மருத்துவர்கள் அவ்வப்போது குறைப்பட்டு வந்திருக்கிறார்கள். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ‘மெமோ’ வரும் என்ற பயம் புகுந்த மறுகணமே, மருத்துவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வகையில் கேஸ் ஷீட் எழுதத் தொடங்குவார். சிக்கலான பிரசவத்தை அடுத்த மருத்துவமனைக்குத் தள்ளிவிடத் தோன்றும். அப்போது தணிக்கை தொடரும், தகவல் வராது.

தண்டனை தகவலைக் கொன்றுவிடும் என்பதை விமானத் துறை உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிய டிடபிள்யூஏ விமானம் ஒரு மலையில் மோதி, 92 பேரும் இறந்தார்கள். ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தால், மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்றவர்களுக்குத் தகவல் போகவில்லை. அதன்பின் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாமே எழுதி அனுப்பும் ஏற்பாட்டை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் தொடங்கியபோது, தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர்களிடமே எப்படிச் சொல்வது என்று விமானிகள் தயங்கினார்கள். எனவே 1976-இல் அந்தப் பொறுப்பு நாசாவிடம் போனது. எழுதியவரின் பெயர் நீக்கப்படும். பத்து நாட்களுக்குள் தெரிவித்தால், வேண்டுமென்றே செய்த தவறாகவோ குற்றமாகவோ இல்லாதவரை, தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. லட்சக்கணக்கான அறிக்கைகள் வந்து சேர்ந்தன.

மருத்துவமனைகளில் இதற்கு ஒத்த ஒன்றைக் கண்டு ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1996-இல் எழுதினார். நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது தெரிந்தது. யோசித்துப் பார்த்தபோது விளங்கியது: அந்தக் குழுக்களில் தவறை மறைக்க வேண்டியிருக்கவில்லை. நம் அலுவலகங்களில் ‘ஒரு புகாரும் இல்லை’ என்று அறிக்கை கொடுக்கும் பிரிவைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

கற்றதை மறப்பதும் உண்டு. 1986-இல் நாசாவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்தது, ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் முந்தைய பயணங்களிலேயே அரிக்கப்பட்டுவந்ததைத் தெரிந்தும் ‘ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பிவிட்டதே’ என்று ஏற்றுக்கொண்டதால். 2003-இல் கொலம்பியா ஓடம் உடைந்து சிதறியபோது, பெயர்ந்து விழும் நுரைத் துண்டுகளைப் பற்றியும் அதே நினைப்பு இருந்ததாக விசாரணைக் குழு எழுதியது. இரண்டிலுமாகப் பதினான்கு உயிர்கள். பல முறை தப்பித்தது நாசாவுக்கு வெற்றியாகத் தோன்றியது.

யாருக்குக் கட்டுப்படியாகும்?

தன்னம்பிக்கை நூல்கள் சொல்லாமல் விடும் பகுதி இது. தங்கள் முதல் பெரிய நிதிக்கு விண்ணப்பித்த இளம் ஆராய்ச்சியாளர்களில், ஒரு நூலிழையில் அதைப் பெற்றவர்களையும் ஒரு நூலிழையில் தவறவிட்டவர்களையும் 2019-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தவறவிட்டு, அதன் பின்னும் துறையில் நிலைத்தவர்கள், பத்தாண்டுகளில் மற்றவர்களைவிட அதிகம் பேசப்பட்ட ஆய்வுகளைச் செய்திருந்தார்கள். நாம் மேடையில் சொல்ல ஏற்ற கதை. ஆனால் அதே ஆய்வு, தவறவிட்டவர்களில் கணிசமானோர் துறையை விட்டே காணாமல் போனதையும் காட்டுகிறது. மேடையில் நின்று தோல்விக்கு நன்றி சொல்பவர் தப்பிப் பிழைத்தவர். நன்றி சொல்ல முடியாதவர்களுக்கு மேடையே கிடைப்பதில்லை.

விழுந்தால் தாங்கிக்கொள்ள வீடு இருப்பவருக்குத் தோல்வி ஓர் அனுபவம். நீட் தேர்வுக்கு ஓராண்டு வீட்டிலிருந்து படிக்க ஒரு மருத்துவரின் மகனால் முடியும். முதல் தலைமுறையாகப் பள்ளி முடித்த ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்கு அந்த ஓராண்டு என்பது அப்பாவின் கடன், அக்கம்பக்கத்தின் பேச்சு, ‘போதும் படிச்சது’ என்று வரும் மாப்பிள்ளைப் பேச்சு. அவளிடம் போய் பயப்படாதே என்று சொல்வது நியாயமில்லை. அவள் கணக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

மனநிலையை மாற்றும் பயிற்சிகள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. திறமை வளரக்கூடியது என்று மாணவருக்கு உணர்த்தும், உளவியலாளர் கேரல் டுவெக்கின் கருத்தை, அமெரிக்காவெங்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கணினிப் பயிற்சியாகச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரி, நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 உயர்ந்தது. அவ்வளவு சிறிய செலவுக்கு இது நல்ல பலன்தான். மந்திரம் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். சகமாணவர்கள் ஆதரிக்கும் பள்ளிகளில் பலன் அதிகமாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

தனிமனிதர் கையில் இருப்பது என்ன என்று கேட்டால், சதுரங்க வீரர்களின் ஒரு வழக்கத்தைக் காட்டுவேன். ஆட்டம் முடிந்ததும் தோற்றவரும் வென்றவரும் அதே பலகையில் காய்களைத் திரும்ப வைத்து, எந்த நகர்த்தலில் பிசகியது என்று சேர்ந்து பார்ப்பார்கள். தோல்வியின் சூடு ஆறும் முன்பே அது ‘என்னால் முடியாது’ என்பதிலிருந்து ‘இருபத்து மூன்றாவது நகர்த்தல் தப்பு’ என்பதாக மாறிவிடுகிறது. டொராண்டோவில் 2024 ஏப்ரலில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாம் சுற்றில் குகேஷ் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்றார். போட்டியை வென்ற பிறகு, இது தனக்கான தருணமாக இருக்கலாம் என்று தோன்றியது அந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்றார். அதே ஆண்டு சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்திலேயே தோற்று, டிசம்பர் 12 அன்று பட்டத்தை வென்றார். அவருடைய மனத்திடத்தை வியக்கலாம். ஏழாம் சுற்றுக்குப் பின் எட்டாம் சுற்று இருந்தது என்பதையும் கவனிக்கலாம்.

விடைத்தாள்

நம் பிள்ளைகளுக்கு எட்டாம் சுற்று இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. கல்லூரியில் ‘அரியர்’ என்று நாம் கேலியாகச் சொல்லும் ஏற்பாடு உண்மையில் மிகவும் மனிதத்தன்மை கொண்டது. ஒரு தாளில் தோற்றவன் நண்பர்களோடு அடுத்த செமஸ்டருக்குப் போகிறான், தோற்றதைப் பிறகு எழுதிக்கொள்கிறான். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் தவறியவர்களுக்கு அதே கோடையில் துணைத் தேர்வு நடப்பதால் ஓராண்டு வீணாவதில்லை. 2017-இல் தமிழ்நாடு அரசு முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது; அதுவரை முடிவு வரும் நாளில் தொலைக்காட்சியில் ஒரு சில முகங்களும், மற்ற வீடுகளில் ஒப்பீடும்தான் நிறைந்திருக்கும். இவை எல்லாம் தோல்வியின் விலையைக் குறைத்த முடிவுகள்.

ஆனாலும் விலை இன்னும் தாங்க முடியாததாக இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். காரணங்கள் பல, தேர்வு ஒன்றே அல்ல. அவர்களில் ஒருவர்கூடத் தேர்வுக்காகப் போயிருக்கக் கூடாது. முடிவு வரும் நாட்களில் 104 எண்ணிலும், எந்நாளும் 14416 டெலி மானஸ் எண்ணிலும் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்ய வேண்டியிருக்கிறது. ராக்கெட் விழுந்தால் அதன் ஒவ்வொரு நொடியின் தரவும் பொறியாளர் மேசைக்கு வருகிறது. பிளஸ் டூவில் கணக்கில் தவறிய மாணவியின் கைக்கு வருவது ஓர் எண். 29 என்று இருக்கும். நுண்கணிதத்தில் விட்டாளா, நிகழ்தகவில் விட்டாளா, வழிமுறை சரியாக இருந்தும் கூட்டலில் பிசகினாளா, நேரம் போதாமல் கடைசி ஐந்து மதிப்பெண் கேள்விகளைத் தொடவே இல்லையா என்று அந்த எண் சொல்லாது. விடைத்தாளின் நகல் வேண்டுமானால் பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மதிப்பெண் கூடினால் பொறியியல் இடம் கிடைக்கும் என்ற நிலையில் உள்ளவர்கள். தோற்றவளோ, எங்கே தோற்றோம் என்று தெரியாமலே அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு முறை படித்துவிட்டுத் துணைத் தேர்வுக்குப் போகிறாள்.

விடைத்தாள்கள் ஸ்கேன் செய்யப்படும் காலம் இது. தவறிய ஒவ்வொருவருக்கும் அவரவர் விடைத்தாளைக் கட்டணம் இல்லாமல், விண்ணப்பம் இல்லாமல், முடிவு வந்த வாரத்திலேயே பள்ளிக்கு அனுப்பலாம். துணைத் தேர்வுக்கு நடத்தும் சிறப்பு வகுப்பின் முதல் நாளில் ஆசிரியர் அதைப் பிரித்து, அவள் அருகில் உட்கார்ந்து, கேள்வி கேள்வியாகப் பார்க்கலாம். ஒரு மாணவிக்கு ஒரு மணி நேரம் போதும். செலவைக் கல்வித் துறைதான் ஏற்க வேண்டும்.